மூணாவது வரி

ஹலோ... ஹலோ... ஆரு?... சத்தமாப் பேசு, இங்க அடுப்புல குக்கர் கிடந்து கூவுது... எபிசனா?... ஆமா, உனக்க அக்கா ஜெபகனிதான் பேசுகேன். வேற ஆரு எடுப்பா? குக்கர்னு விளிச்சாத்தான் எடுப்பேன்னு நெனச்சியா?

இல்ல, நீ பேசாத... நீ பேசாதல... திங்கக்கிழமை முதலா நான் உனக்கு விளிக்குகேன், நீ எடுக்கல. இப்ப நீயா விளிச்சிருக்க. நான் பேசி முடிக்கட்டு. பொறவு நீ பேசு.

சந்தோஷமான விஷயமா?... உனக்க சந்தோஷம் என்னன்னு எனக்குத் தெரியாதா? எவனாவது என்னைப் பத்தி இன்னொண்ணு எழுதி அனுப்பியிருப்பான், அதை வாசிச்சுக் காட்டணும். அதுதானே?... இல்லியா? சரி, இருக்கட்டு. உனக்க சந்தோஷம் ஓடிப்போவாது, அங்கயே கிடக்கட்டு.

இஞ்ச பாருங்க, அந்தக் குக்கரை அணையுங்க. கேட்டீங்களா?... திருகு எங்க இருக்குன்னு தெரியும்லா? அதுதானே தேடிட்டு இருந்தீங்க.

...ஆங், உனக்க அத்தான்கிட்டதான் சொன்னேன். நீ சொல்லு... இல்ல, நான் சொல்லுகேன். ஒரே ஒரு காரியம் கேக்குகேன், ஆமா இல்லன்னு மட்டும் சொல்லணும். அந்த நோட்டீஸ் நீதானே போட்ட?... எந்த நோட்டீஸா? உனக்க வாட்சப் குரூப்புல, 'மூணு வரிச் சிரிப்பு'ன்னு நீ ஒண்ணு நடத்துகியே, அதுலதான். 'வாசகர்களே வாருங்கள், நகைச்சுவை ஹைக்கூ எழுதுங்கள், பகிருங்கள், குமரி மாவட்டமே வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். இம்மாதத் தலைப்பு: குக்கர்.' நீதானே?... ஆமா. ஆமா. அதுக்க மேல ஒரு படம். அறுப்பின் பண்டிகைக்கு நம்ம சர்ச்சுல நான் வாயைத் தொறந்து பாட்டுப் பாடுகப்ப எடுத்த படம். அதுல எனக்க வாயிலயிருந்து ஆவி போறது மாதிரி வரைஞ்சு வச்சிருக்க. அதும் நீதானே?... கம்ப்யூட்டர்ல செஞ்சதா? நல்லா செஞ்சிருக்க மக்கா. கை அழுகிப் போவாம இருக்கட்டு.

முதல் பரிசு என்ன போட்டிருக்க?... சொல்லு, வாயால சொல்லு... குக்கர்! எனக்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்க பேரையே பரிசாக் கொடுக்குக. ரெண்டாம் பரிசு என்ன, அதுக்க விசிலா?

...என்னது? கலையா?... ஓகோ. ஹைக்கூவை ஹைக்கூவாப் பாக்கணும். சிரிச்சிட்டுப் போணும். மனசுல எடுக்கப்படாது. சரி சரி. இந்த வார்த்தையை ஓர்மையா வச்சுக்க. கொஞ்சம் கழிஞ்சு உனக்கு வேணும்.

ஆரு தொடங்கினதுன்னு எனக்குத் தெரியாதா? தொடங்கினது உனக்க அத்தான்தான். கல்யாணம் கழிஞ்ச நாள் முதலா எனக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதாத மனுஷன். துபாய்ல இருந்தப்பகூட 'பணம் அனுப்பியிருக்கு, ரசலையன்'னு போட்டு முடிச்சவரு. அவருக்க கையில நீ ஹைக்கூவைப் பிடிச்சுக் கொடுத்த. 'அத்தான், வெறும் மூணு வரிதான், நீங்களும் எழுதலாம்'னு. அவரு எழுதினாரு. 'நாலு விசிலில் குக்கர் அடங்கிவிட்டது. மனைவிக்கு எங்கே இருக்கிறது திருகு?'

...சிரிக்காத. நீ வாயைப் பொத்திட்டுச் சிரிச்சாலும் எனக்குக் கேக்கும்.

அவரா? இந்தா, எனக்க முன்னால நாற்காலியில இருக்காரு. மத்தியானத்துலயிருந்து என்னமோ சொல்லணும்னு வாயைத் தொறந்து தொறந்து மூடுகாரு. நான் தொறக்க விட்டாத்தானே... சோறு போடுகேன், போடாம இருப்பேனா? மூணு வரிதானே எழுதுகாரு, மூணு கவளம் போதும்னு எடுத்து வச்சேன். இன்னும் கொஞ்சம் வேணும்னாரு. 'ஹைக்கூவுல நாலாவது வரி உண்டா?'ன்னு கேட்டேன். எழும்பிப் போயிக் கையைக் கழுவிட்டாரு. போனையும் பிடுங்கி எனக்க கையில வச்சிருக்கேன். இனி எதுல எழுதுவாரு, சுவத்துலயா?

நீ இரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா? அண்டி ஆபீஸ்ல நான் முந்திரி உடைச்சிட்டு இருந்தா, பக்கத்துல ஒருத்தி இருப்பா, ஷைஜான்னு, தொலி உரிக்குகவ. அவ குனிஞ்சுகிட்டே வாயாலயே விசில் அடிக்குகா. 'ஸ்ஸ்ஸ்ஸ்'. அவ அடிச்சா அடுத்தவ அடிக்குகா. அப்பிடியே வரிசை முழுக்க. காலையில ஆளு எண்ணுக சூப்பர்வைசர் பெண்ணு, எனக்க மவளுக்க வயசு, அவ கேக்குகா, 'குக்கர் வந்தாச்சா?'ன்னு. நான் நேரா முன்னால நிக்குகேன்ல!

நம்ம ஊரு உனக்குத் தெரியும்லா. ஒரு பட்டப்பேரு விழுந்தா அது ஆளு செத்தாலும் சாவாது. கொக்கு வீட்டுக்காரங்களைப் பாரு. அந்தத் தாத்தாவுக்குக் கழுத்து நீளம், அவரைக் குழியில வச்சு எத்தன காலமாச்சு, பேத்திக்குக் கல்யாணக் கார்டு கொடுக்கப் போனா, 'கொக்கு வீட்டுக் கல்யாணமா?'ன்னுதான் கேக்கான். அந்தப் பிள்ளைக்குக் கழுத்தே கிடையாது. நாளைக்கு எனக்க ரெனிஷாவுக்கும் அதுதான். 'குக்கர் மவ'. நாளைக்கு என்ன நாளைக்கு, பஸ் ஸ்டாப்புல இப்பமே சொல்லியாச்சு.

...அதைத்தான் சொல்ல வாறியா? எதைத்தான்?... ரெனிஷா விஷயமா? நீ அவளைப் பத்திப் பேசாத. நீ ஒரு தாய்மாமனா? பேசாதன்னா பேசாத.

ஞாயித்துக்கிழமை என்ன நடந்து? களியக்காவிளையிலயிருந்து மாப்பிள வீட்டுக்காரங்க வந்து பெண்ணைப் பாத்துட்டுப் போனாங்க. நீயும் சட்டையை இஸ்திரி போட்டுட்டு வந்து இருந்தியே. அந்தப் பையன் ஜெரிஷ், நல்ல பையன், தலையைக் குனிஞ்சு சாயா குடிச்சான், கிளாஸை அவனே கொண்டு அடுக்களை வாசல்ல வச்சான். புதன்கிழமைக்குள்ள சொல்லுகோம்னு அவனுக்க அப்பா சொல்லிட்டுப் போனாரு. இன்னைக்கு என்ன கிழமை?... சனி. எனக்கு ஒரு போன் வந்துதா? வரல. ஏன் வரல? திங்கக்கிழமை நீ நோட்டீஸ் போட்ட. எவனாவது அதை அங்க அனுப்பியிருப்பான், 'நீங்க சம்பந்தம் பேசப்போற அம்மையைப் பாருங்க, வாயில ஆவி வருது'ன்னு. அதோட முடிஞ்சு.

ரெனிஷாவா? அவ ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டுக் கிடக்கா. சோறு வேண்டாமாம், தலை வலிக்காம். எனக்குத் தெரியாதா எது வலிக்குன்னு? அவளுக்கு அந்தப் பையனைப் பிடிச்சுப்போச்சுல எபிசா. இதுக்கு முன்ன வந்தவனுங்களை எல்லாம் நொட்டை சொல்லிட்டு இருந்த பிள்ள, இவன் போனதும் அவன் குடிச்ச கிளாஸைத் தனியாக் கழுவி வச்சா. நான் பாத்தேன்.

...நீ குறுக்க பேசாத. இன்னும் முடியல.

உனக்கு நான் என்ன குறை வச்சேன்? அன்னைக்கு மாப்பிளைக்க அப்பா கேட்டாருல்லா, 'தாய்மாமன் இருக்காரு, மாமியை எங்க காணல?'ன்னு. நீ என்ன செஞ்ச? தரையில மொசைக்கை எண்ணிட்டு இருந்த. பதில் சொன்னது ஆரு? நான். 'எங்க பிரீனா மஸ்கட்ல நர்ஸா இருக்கா, கல்யாணத்துக்குக் கண்டிப்பா லீவு போட்டுட்டு வருவா'ன்னு பளிச்சுன்னு சொன்னேன். கண்ணை இமைக்கல. வேதப்புத்தகத்தைக் கொண்டு வந்து முன்னால வச்சிருந்தாலும் கை வச்சுச் சொல்லியிருப்பேன், எனக்க தம்பி தலை குனிஞ்சு இருக்கானேன்னு.

எனக்குத் தெரியாதா அவ எங்க இருக்கான்னு? உன்னை விட்டுட்டுப் போயி அவளுக்க அம்மை வீட்டுல இருக்கா, மார்த்தாண்டத்துல ஜவுளிக்கடையில நிக்குகா. எதுக்குப் போனா? பிரசவம் கழிஞ்சு அந்தப் பிள்ளையும் தங்காம, அவ உடம்பு வச்சுப்போயி உக்காந்திருந்தப்ப, நீ அவளுக்க தடியைப் பத்தி மூணு வரி எழுதின. எழுதினதும் போராம, கிறிஸ்மஸுக்கு வந்த அவளுக்க அண்ணன்மாருக்கு வாசிச்சுக் காட்டின. அவனுங்களும் சிரிச்சானுங்க. அவ பெட்டியை எடுத்துட்டா. ஊருக்கு நீ மஸ்கட்னு சொன்ன, நானும் மஸ்கட்னு சொன்னேன். அப்பிடி உனக்க மானத்தைக் காப்பாத்தின வாயிலதான்ல நீ ஆவி விட்டிருக்க!

...

அழுகியா?... அழல. சரி.

இன்னொரு கவிஞன் நேத்து உனக்க குரூப்புல முளைச்சிருக்கான். பேரு 'செக்போஸ்ட்'டாம். மூஞ்சிக்குப் பதிலா ஒரு செம்பருத்திப் பூவை வச்சிருக்கான். ஷைஜா அண்டி ஆபீஸ்ல எல்லாரும் கேக்க வாசிக்குகா, 'பெண் பார்க்கப் போன வீடு. உள்ளே குக்கர் விசில்.' எப்பிடி இருக்கு? எனக்க வீட்டுல பெண்ணு பாக்க வந்ததை இவன் எப்பிடி அறிஞ்சான்? நீதான் சொல்லியிருப்ப. அவ கையிலயிருந்து போனைத் தட்டி விட்டேன். முந்திரித் தொலிக்குள்ள போயி விழுந்து.

மூணாவது வரியா? நான் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? ஒரு மனுஷனைத் தெரிஞ்சுக்கிட ரெண்டு வரி போதும். அவனை மட்டும் நேர்ல பாத்தேன்னா, முற்றம் பெருக்குக வாரியலால... என்னது? பெரிய மனுஷனா? அவரு இவருன்னு மரியாதை வேறயா? சொந்தப் பெண்டாட்டிக்கிட்ட வாயைத் தொறக்கப் பயந்தவன்தான் ஊரான் பெண்டாட்டியைப் பத்தி எழுதுவான். ஆராயிருந்தா எனக்கென்ன? நீ சொல்லண்டாம். எனக்குத் தெரியண்டாம்.

இனி காரியத்துக்கு வாறேன். நோட்டீஸ்ல என்ன போட்டிருக்க? 'வாசகர்களே எழுதுங்கள், பகிருங்கள்.' நானும் வாசகிதானே?... இல்ல, தமாஷ் இல்ல. நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். ஆமாடா, உனக்க அக்காதான். எட்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்சேன்லா, மூணு வரி எழுத வராதா?

பாத்தியா, உடனே சிரிப்பு வந்துட்டு. எழுதிக்குகியா? எழுதிக்க, எழுதிக்க. பேனா இருக்கா?... சரி. முதல் வரி. 'மஸ்கட் போன மனைவி.' எழுதினியா?... ஆமா, மஸ்கட்தான். ரெண்டாவது வரி. 'மார்த்தாண்டம் ஜவுளிக்கடையில்'...

எபிசா? லைன்ல இருக்கியா?... மூணாவது வரி எழுதிக்க. 'சேலை மடிக்கிறாள்.' அவ்வளவுதான். கீழ பேரு போடணும்லா? போட்டுக்க. 'குக்கர், எபிசனின் அக்கா.'

எப்பிடி இருக்கு? குரூப் நடத்துகவன், நீதான் சொல்லணும். கொள்ளாமா?

...என்னது? 'வேண்டாம் அக்கா'வா? இப்பதான் அக்கான்னு வாயில வருகுதா? இவ்வளவு நேரம் 'கேளு கேளு'ன்னுதானே கத்திட்டு இருந்த... இல்ல மக்கா, நீ எழுதிச் சிரமப்படாத, பேனாவைக் கீழ வை. அது அங்க வந்தாச்சு. உனக்க அத்தானுக்க போன்லயிருந்து. இப்ப நீ விளிச்சு எனக்க போன் மணி அடிச்சுட்டு இருந்துல்லா, அப்பதான் விரலை வச்சு அமுக்கினேன். அமுக்கிட்டுத்தான் உனக்கு ஹலோ சொன்னேன்.

தொறந்து பாரு. நானும் இந்தா பாத்துட்டுத்தான் இருக்கேன். எத்தன பேரு பல்லைக் காட்டியிருக்கான் பாத்தியா! கண்ணுல தண்ணி வரச் சிரிக்குக மூஞ்சி ஒண்ணு உண்டே, அது வரிசையா விழுது. சுசீந்திரத்துக்காரன் ஒருத்தன் கேட்டிருக்கான், 'எந்தக் கடை? ஆடித் தள்ளுபடி உண்டா?'ன்னு. குளச்சல்காரன் கேக்கான், 'விமானத்துலயா, டவுன் பஸ்ஸுலயா போனாங்க?'ன்னு. உனக்க வாசகர்கள்ல! நீ வளத்த பிள்ளைங்க! இன்னைக்குத்தான் நல்லாச் சிரிக்கானுங்க.

...ஏன் கத்துக? ஹைக்கூவை ஹைக்கூவாப் பாக்கணும்லா? சிரிச்சிட்டுப் போணும்லா? மனசுல எடுக்கப்படாதுன்னு ஆரோ சொன்னாங்களே, ஆரு அது?

இதென்ன, 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள்'னு வருது?... ஓ, எங்களை வெளியே தள்ளிட்டியா? நான் போட்டதையும் அழிச்சிட்டியா? அழி அழி. உனக்க குரூப்பு, உனக்க இஷ்டம். வாசிச்சவனுக்க கண்ணைப் போயி அழிப்பியா? நாளைக்கு சர்ச்சுல நீ காணிக்கைத் தட்டை எடுத்துட்டு வரும்போ பாரு, ஒவ்வொரு பெஞ்சுலயும் மஸ்கட் மஸ்கட்னு... சரி, எனக்க வேலை முடிஞ்சு. இப்ப நீ பேசு. என்னமோ சந்தோஷமான விஷயம்னியே, சொல்லு.

...

சொல்லுல, கேக்குகேன்.

...என்னது? மறுபடி சொல்லு... ஆரு விளிச்சா?... களியக்காவிளையிலயிருந்தா? உனக்கா? எப்போ?... மத்தியானமா?... சம்மதமா!... ரெனிஷாவைப் பிடிச்சிருக்கா? வீட்டுல எல்லாருக்குமா?... ஏல, இதை மொதல்லயே சொல்லப்படாதா? எவ்வளவு நேரமாப் பேசிட்டு இருக்க!... நான் விடலியா?... சரி, விடல. விடலதான். கர்த்தாவே, எனக்க கர்த்தாவே... ஏட்டி ரெனிஷா! பிள்ளே, கதவைத் தொறட்டி, அவங்களுக்குச் சம்மதமாம்! இஞ்ச பாருங்க, கேட்டீங்களா?... என்ன தலையை ஆட்டுகீங்க? உங்களுக்கு முன்னயே தெரியுமா? அதைத்தான் மத்தியானம் முதலா... வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே மனுஷா!

...எபிசா, இரு. புதன்கிழமைன்னாங்க, ஏன் இத்தன நாளு?... பெரியப்பா வெளியூர்ல இருந்தாரா? சரி சரி, அது மரியாதைதான்... நேத்தே சொல்லியாச்சா? ஆருகிட்ட சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் வரலியே... குரூப்புலயா? உனக்க குரூப்புல மாப்பிள வீட்டுக்காரங்க ஆரு இருக்கா?

...செக்போஸ்ட்.

அந்தச் செம்பருத்திப் பூ... ஜெரிஷுக்க அப்பாவா?

உனக்க அத்தான்தான் சேத்து விட்டாரா... அவருக்கும் எழுத ஆசைன்னா... ஆமா, செக்போஸ்டுக்குப் பொறத்தாலதான் வீடுன்னு அன்னைக்குச் சொன்னாரு. சொன்னாரு, எனக்குத்தான் ஓர்மை வரல... மூணாவது வரியா? நான் வாசிக்கலியே. இரு, பழசு எல்லாம் இந்தப் போன்ல கிடக்கு. கண்ணாடி எங்க... இருல, வைக்காத... இந்தா வந்துட்டு. 'பெண் பார்க்கப் போன வீடு. உள்ளே குக்கர் விசில்.'

'இனி தினமும் கேட்கலாம்.'

...

இனி தினமும் கேக்கலாமாம். இப்பிடியா அந்த மனுஷன் சம்மதம் சொன்னாரு? என்னை வாரியலால... நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்.

எபிசா. மக்கா. நான் போட்டதை நீ அழிச்சிட்டல்லா? எல்லாருக்கும் அழிஞ்சிருக்கும்லா?... அவரு பாத்திருக்க மாட்டாருல்லா? வயசான மனுஷன், எப்பவும் போனைக் கையிலயா வச்சுட்டு இருப்பாரு?... மஸ்கட்னு அவருக்கிட்டச் சொன்னது நான்தானே. அவருக்க முகத்தைப் பாத்துச் சொன்னேன். லீவு போட்டுட்டு வருவான்னு சொன்னேன்...

பாத்துட்டாரா?... எப்பிடித் தெரியும் உனக்கு?... பதில் போட்டிருக்காரா? இப்பவா? என்னன்னு?... எனக்கு வராதுல, நீதான் எங்களைத் தள்ளிட்டியே. நீ வாசி. மூணு வரிதானே, வாசி. பைய வாசி.

'மஸ்கட் என்றது ஒரு வாய்.'

ம்.

'மார்த்தாண்டம் என்றதும் அதே வாய்.'

...பொறவு? மூணாவது?

...என்னது, ஒரு மனுஷனைத் தெரிஞ்சுக்கிட ரெண்டு வரி போதுமா? ஆரு சொன்னா?... நான் சொன்னேன். சொன்னேன்தான் எபிசா, அது ஒரு கோவத்துல... இந்தா ரெனிஷா வந்து எனக்க முன்னால நிக்குகா. மூஞ்சி கழுவிப் பவுடர் போட்டுட்டு வந்து நிக்குகா, சிரிச்சிட்டு. 'மாமா என்ன சொன்னாரு?'ன்னு கேக்குகா. நான் என்ன சொல்ல? அந்த மூணாவது வரியைச் சொல்லுல... நல்லதா இருக்கும்லா? மூணாவது வரி நல்லதாத்தானே இருக்கும்? நேத்து இருந்துல்லா... எபிசா... தம்பி... ஹலோ... ஹலோ...